இல்லாத குறை

மழைக்காலம் வந்துவிட்டால் பெரிய ஹாலின் கதவு சொன்ன பேச்சு கேட்காது. மரம் ஊறிப் பருத்துச் சட்டத்தோடு ஒட்டிக்கொள்ளும். சாவியைப் போட்டுத் திருகினாலும் அசையாது. சாவிக்காரர் தோளைக் கொடுத்து ஒரு முட்டு முட்டி, "நகருப்பா, மணி அடிக்கப் போறாங்க" என்பார். அப்புறம்தான் நகரும். கதவோடும் ஜன்னலோடும் பேசுகிற பழக்கம் எப்போது வந்தது என்று அவருக்கே தெரியாது. இருபது வருஷமாக ஒற்றை ஆளாக ஒரு கட்டடத்தைப் பெருக்குகிறவர் வேறு யாரோடு பேசுவார்?

பெற்றவர்கள் வைத்த பெயர் ஆபீசோடு சரி. முதல்வரிலிருந்து முதலாமாண்டுப் பிள்ளைகள் வரை எல்லோருக்கும் அவர் சாவிக்காரர்தான். இடுப்புச் சாவிக்கொத்தின் சத்தம் அவருக்கு முன்னால் வந்து சேரும். அது கேட்டதும் படிக்கட்டில் சீட்டாடும் பையன்கள் சீட்டின் மேல் உட்கார்ந்துகொள்வார்கள். மரத்தடி ஜோடிகள் ஒரு முழம் தள்ளி நின்று பரீட்சையைப் பற்றிக் கவலைப்படுவார்கள். அவர் எதையும் பார்க்காதவராகப் போய்விடுவார். கதவு திறப்பதுதான் தன் வேலை, கண் திறப்பது அல்ல என்பது அவர் கட்சி.

அந்தக் கல்லூரி கல்லூரியாகப் பிறந்ததில்லை. முதலில் அது கோர்ட். கோர்ட் புதுக் கட்டடத்துக்குக் குடிபோனபோது, காலியாகக் கிடந்ததை என்ன செய்வதென்று தெரியாமல் அரசாங்கம் பிள்ளைகளிடம் கொடுத்தது. கைதிகளை உட்காரவைத்த அறை வேதியியல் ஆய்வகமானது. கம்பி ஜன்னல் இருந்ததால் கண்ணாடிக் குழாய்கள் பத்திரமாக இருந்தன. தஸ்தாவேஜு அறை நூலகமானது. வக்கீல்கள் அறையில் மாணவர் சங்கம் வந்தது. கூச்சல் மட்டும் மாறவில்லை. பிறகு தகரக் கூரை வகுப்புகள் ஒவ்வொன்றாக முளைத்தன. இடம் போதாமல் காலையில் ஒரு கூட்டம், மதியம் ஒரு கூட்டம் என்று படித்தார்கள். மூட்டை தூக்குகிறவர், வண்டி ஓட்டுகிறவர், வீட்டு வேலை செய்கிறவர் பெற்ற பிள்ளைகள்தான் அதிகம். சோற்றுப் பாத்திரமும் ஒரே நோட்டுமாகப் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வருவார்கள்.

விசாரணை நடந்த கூடம்தான் பெரிய ஹால். நீதிபதி உட்கார்ந்த மேடைக்குப் பின்னால் இப்போது கரும்பலகை. சாட்சிக் கூண்டைப் பாதியாக அறுத்து மேஜைக்கு முன்னால் தடுப்பாக வைத்திருக்கிறார்கள். கூடத்தின் பின்னால், கதவோரம், கோர்ட் சேவகனான டவாலி நின்று பெயர் கூப்பிட்ட இடத்தில் தரைக்கல் தேய்ந்து இரண்டு பாதம் அளவுக்குப் பள்ளமாகியிருக்கும். கூரை ஒழுகினால் தண்ணீர் அங்கேதான் தேங்கும். சாவிக்காரர் தினமும் அதைத் துணியால் ஒற்றி எடுப்பார்.

அவருக்கு முன்னால் சாவி வைத்திருந்த பெரியவர் ஓய்வு பெற்ற அன்று சொல்லிவிட்டுப் போனார்: "இந்தக் கூடத்துக்கு ஒரு குணம் உண்டுப்பா. பேரைக் கூப்பிட்டா பதில் வந்தாகணும். அந்தக் காலத்துல டவாலி மூணு தடவ கூப்பிடுவான். ஆஜர்னு குரல் வர்ற வரைக்கும் கூடமே மூச்சு விடாது. கேட்டுக் கேட்டுச் சுவருக்கு அது பழகிப்போச்சு. வெறுங்கூப்பாடு அதுக்கு ஆகாது."

"ஆகலேன்னா என்ன செய்யுமாம்?" என்று இவர் சிரித்தார். பெரியவர் சிரிக்கவில்லை. சாவியை இவர் கையில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

சாவிக்காரருக்கு ஒரே பெண். வீட்டில் குட்டி, வகுப்பின் வருகைப் பதிவில் முப்பத்தொன்று. தமிழிலக்கியம் இரண்டாம் ஆண்டு, அதுவும் அதே பெரிய ஹாலில். அப்பன் பெருக்கிய அறையில் பெண் படிக்கிறாள் என்பதில் அவருக்கு இருந்த பெருமையைச் சொல்லி மாளாது. அவள் உட்காரும் ஜன்னலோரப் பெஞ்சை மட்டும் இரண்டு தடவை துடைப்பார். மற்ற வகுப்புகளில் வருகைக்கு "பிரசன்ட் சார்" என்பார்கள். தமிழ் வகுப்பில் "உள்ளேன் ஐயா" என்றுதான் சொல்ல வேண்டும். சேர்ந்த புதிதில் அவள் வீட்டில் அதைச் சொல்லிச் சொல்லிப் பழகினாள். அம்மா தையல் மிஷினில் ஆய்வகப் பிள்ளைகளுக்கு வெள்ளைக் கோட்டு தைத்துக்கொண்டிருந்தாள்.

"இருக்கேன்னு சொன்னா போதாதாடி? அது என்ன உள்ளேன்?"

"இருக்கேன்னா சும்மா இருக்கறதும்மா. உள்ளேன்னா நெஜமாவே இருக்கறது."

"அப்ப பாத்திரம் கழுவக் கூப்பிடும்போதும் அதையே சொல்லு. நெஜமாவே இருக்கியான்னு பாக்கறேன்."

அந்த மழைக்காலத்தில் குட்டி படுத்துவிட்டாள். சளி நெஞ்சில் இறங்கி, காய்ச்சல் விடாமல், குரல் கட்டிப்போய்விட்டது. மழை விடுகிற வரை படுக்கையை விட்டு எழக் கூடாது, பேசவும் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். முக்கால்வாசி நாளாவது வகுப்புக்கு வராதவர்களைப் பரீட்சை எழுத விடமாட்டார்கள். ஒரு வருஷம் அப்படியே போய்விடும். சாவிக்காரருக்கு மகளின் இருமலைக் கேட்டால் ஒரு பயம், காலண்டரைப் பார்த்தால் இன்னொரு பயம்.

ஒருநாள் காலையில் ஜன்னலோரப் பெஞ்சை வழக்கம்போல இரண்டாம் தடவை துடைத்தார். வராதவளுக்கு எதற்குத் துடைக்கிறோம் என்று அப்போதுதான் உறைத்தது. மனசு கனத்துப்போய், கதவிடம் பேசுகிற அதே குரலில் கூடத்திடம் சொன்னார்: "அவ வர்ற வரைக்கும் அவ இல்லாத குறை தெரியாம பாத்துக்கப்பா."

வாய்க்கு வந்ததைச் சொன்னார், அவ்வளவுதான். சொல்லிவிட்டு வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் தாழ்வாரத்தில் தண்ணீர் தள்ளிக்கொண்டிருந்தபோது உள்ளே வருகை எடுப்பது கேட்டது. தமிழய்யா நோட்டிலிருந்து தலை தூக்காமல் எண்களை வாசித்துக்கொண்டே போவார். பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் இலக்கணம்.

"முப்பத்தொண்ணு."

"உள்ளேன் ஐயா."

துடைப்பம் நின்றது. அது குட்டியின் குரல். 'ஐயா'வை ஒரு இழை நீட்டி முடிக்கிற அவளுடைய இழுப்புகூட அப்படியே இருந்தது. சாவிக்காரருக்கு முதலில் திகைப்பு, அப்புறம் சிரிப்பு. எல்லாம் ரெட்டைப்பின்னல் வேலை என்று நினைத்தார். குட்டியின் பக்கத்தில் ரெட்டைப்பின்னலோடு உட்காருகிற அந்தப் பெண் யார் பேசினாலும் அப்படியே பேசிக் காட்டுவாள். இடைவேளையில் அவளைக் கேண்டீனுக்குக் கூட்டிப்போய் டீ வாங்கிக் கொடுத்தார்.

"எதுக்கு மாமா டீ?"

"எல்லாம் காலைல குரல் குடுத்ததுக்குத்தான்."

"நான் என்ன குரல் குடுத்தேன்?"

"சரிம்மா, குடுக்கல. குடி." அவர் கண்ணைச் சிமிட்டினார். அவள் புரியாமல் பார்த்துவிட்டு டீயைக் குடித்தாள். நல்ல கெட்டிக்காரி என்று அவர் மெச்சிக்கொண்டார்.

ரெட்டைப்பின்னல் சாயங்காலம் தோறும் வீட்டுக்கு வந்து அன்றன்று நடந்த பாடத்தைக் குட்டிக்கு வாசித்துக் காட்டிவிட்டுப் போவாள். வரவர அவளைக் காணோம். தாழ்வாரத்தில் பார்த்து, "என்னம்மா, வீட்டுப் பக்கமே வர்றதில்ல?" என்று கேட்டார்.

"வந்து என்ன மாமா பண்றது? அவளைத்தான் தினமும் கிளாஸ்ல பாக்கறேனே. பேசித் தீக்கறோமே." சொல்லிவிட்டு அவள் பாட்டுக்கு மழையில் ஓடிவிட்டாள்.

தமிழய்யாவும் ஒருநாள் நிறுத்தினார். "உன் பொண்ணு இப்பல்லாம் நல்லா தேறிட்டாப்பா. நேத்து வேற்றுமை உருபு கேட்டேன். மத்ததுங்க முழிச்சுக்கிட்டு நிக்குது, இவ கடகடன்னு ஒப்பிச்சா."

"ஐயா, அவ..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். குரல் கொடுப்பது ரெட்டைப்பின்னல் என்றால், எழுந்து நின்று ஒப்பித்தது யார்? ஆனாலும் வருகை ஏறிக்கொண்டிருக்கிறது, வருஷம் தப்பிக்கும். "உங்க புண்ணியம் ஐயா" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார். அந்த இடத்தில் வாயைத் திறந்திருக்க வேண்டும். ஆசை அவர் வாயைக் கட்டிவிட்டது.

ஹாலுக்கு நேர் பின்னால்தான் ஊழியர் குடியிருப்பு. முன்னறையில் மிஷின், பின்னறையில் குட்டியின் பாய். அன்றைக்குப் போய்ப் பார்த்தபோது அவள் கண்ணை மூடிப் படுத்திருந்தாள்.

"எப்படிம்மா இருக்கு?"

"கண்ண மூடினா ஹால் தெரியுதுப்பா." காற்றாகத்தான் வந்தது பேச்சு. "சாக்பீஸ் வாசனை அடிக்குது. ஜன்னல் வழியா சாரல் கைமேல படுது." அவள் நீட்டிய முழங்கையைத் தொட்டுப் பார்த்தார். ஈரமாக இருந்தது. காய்ச்சல் வேர்வை என்று சொல்லித் துடைத்துவிட்டார்.

அதற்குப் பிறகு வீடு மாற ஆரம்பித்தது. ஒருநாள் மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தவர், "குட்டிக்குக் கஞ்சி குடுத்தியா?" என்று கேட்டார். மனைவி கோட்டுக்குப் பொத்தான் தைத்துக்கொண்டே, "காலேஜ் விட்டு வரட்டும், குடுக்கறேன்" என்றாள்.

"என்னடி பேசற? பின்னாடிதானே படுத்திருக்கா."

அவள் நெற்றியில் அடித்துக்கொண்டாள். "ஐயய்யோ, ஆமால்ல. இந்த மிஷின் சத்தத்துல எனக்குப் புத்தியே மழுங்கிப்போச்சுங்க." எழுந்து ஓடினாள். ஆனால் அடுத்த நாளும் அதையேதான் சொன்னாள். இன்னொரு நாள் மருந்து சீசா மூடி திறக்காமல் இருந்தது. கேட்டால், நல்லா இருக்கிற பெண்ணுக்கு மருந்து எதற்கு என்று அவரையே திருப்பிக் கேட்டாள். பெற்ற தாய் இப்படியும் மறப்பாளா என்று அவருக்குக் கோபம் கோபமாக வந்தது.

அந்தக் கோபத்துக்கும் ஒரு நாள் ஆயுள் முடிந்தது. அன்று பகலெல்லாம் வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. வீட்டுக்கு வந்து ருசித்துச் சாப்பிட்டார். மனைவியோடு கொஞ்ச நேரம் சிரித்துப் பேசினார். "குட்டி குடை எடுத்துட்டுப் போகல போலிருக்கே, நனைஞ்சிடப் போறா" என்று சொல்லி, மூலையிலிருந்த குடையை எடுத்துக்கொண்டு ஹால் வாசலில் போய் நின்றார். மணி அடித்தது. பிள்ளைகள் கும்பலாக வந்தார்கள், மழைக்குள் கலைந்தார்கள். எல்லோரும் போன பிறகும் அவர் குடையோடு நின்றார். இந்தப் பெண் இன்னும் என்னதான் செய்கிறாள் என்று உள்ளே எட்டிப் பார்த்தார். ஜன்னலோரப் பெஞ்சு காலி. சரி, முன்னாலேயே போய்விட்டாள் போல என்று கதவைச் சாத்திச் சாவியைத் திருகினார்.

பாதித் திருகலில் கை நின்றுவிட்டது. குட்டி எங்கே போயிருக்க முடியும்? அவள்தான் ஒரு மாதத்துக்கு மேலாக எழவே இல்லையே.

குடையை அங்கேயே போட்டுவிட்டு ஓடினார். பின்னறைக் கதவு வெளியே தாழிட்டிருந்தது. திறந்தால் குட்டி பாயில் கிடந்தாள். உதடு வெடித்திருந்தது. காலையிலிருந்து ஒரு வாய் தண்ணீர்கூட யாரும் கொடுக்கவில்லை. தலையைத் தூக்கித் தண்ணீர் புகட்டினார். பாதி உள்ளே போனது, பாதி அவர் கையில் வழிந்தது.

"கூப்பிட்டேன்பா." காதை அவள் வாயருகே வைத்துத்தான் கேட்க வேண்டியிருந்தது. "நீங்க சாப்பிட்டுக்கிட்டு இருந்தீங்க. அம்மாவும் நீங்களும் சிரிச்சீங்க. திரும்பத் திரும்பக் கூப்பிட்டேன். யாருக்கும் கேக்கல."

சாவிக்காரர் வாய்விட்டு அழுதார். மனைவி வாசல்படியில் வந்து நின்று, யாரோ தட்டி எழுப்பியவள் போல மகளைப் பார்த்தாள். பிறகு அவளும் உட்கார்ந்து அழுதாள். தாழைப் போட்டது தன் கைதான் என்று அவளுக்கு ஞாபகமே இல்லை. தான் கூடத்திடம் கேட்டுக்கொண்டதை அவர் அப்போதுதான் அவளிடம் சொன்னார்.

"அவ இல்லாத குறை தெரியக் கூடாதுன்னு நான்தான் கேட்டேன். அது ஹால்ல மட்டுமா தெரியாமப் போச்சு? பெத்த நமக்கே தெரியலியே."

"படிப்பும் வேணாம் ஒண்ணும் வேணாம். போய் வேணாம்னு சொல்லிட்டு வாங்க."

"ஒரு வருஷம் போயிடும்டி."

"போகட்டும். பொண்ணு இருந்தா வருஷம் வரும்."

காலையில் கிளம்பும் முன் மனைவியின் முந்தானையைக் குட்டியின் மணிக்கட்டில் முடிந்தார். "நான் வர்ற வரைக்கும் இத அவிழ்க்காத. மறந்துட்டு எழுந்தாலும் இழுக்கும்."

ஹால் கதவு அன்று இரண்டு தோளும் கொடுத்த பிறகுதான் திறந்தது. காலியான கூடத்தில் நின்று, "போதும்பா. நான் சும்மா சொன்னது. விட்டுடு" என்றார். கூரையில் மழை விழுந்துகொண்டிருந்தது. வேறு ஒன்றும் நடக்கவில்லை. பிள்ளைகள் வந்தார்கள், தமிழய்யா வந்தார். சாவிக்காரர் வெளியே போகவில்லை. பின்னால், டவாலி நின்ற பள்ளத்தில், தேங்கிய தண்ணீரில் பாதம் நனைய நின்றார்.

ரெட்டைப்பின்னல் பெஞ்சின் ஓரத்துக்கு ஒதுங்கி உட்கார்ந்திருந்தாள். தன் புத்தகத்தைப் பாதி நகர்த்தி, பக்கத்துக் காலி இடத்துக்கும் தெரிகிற மாதிரி விரித்து வைத்திருந்தாள். நடுநடுவே அந்தப் பக்கம் சாய்ந்து ஏதோ சொல்லிச் சிரித்தாள்.

"முப்பத்தொண்ணு."

"உள்ளேன் ஐயா."

ஜன்னலோரமிருந்து தெளிவாக வந்தது குரல். குட்டி நன்றாக இருந்த காலத்துக் குரல். அதை இன்னொரு தடவை கேட்க வேண்டும் என்று அவர் மனசு ஏங்கியது. பல்லைக் கடித்துக்கொண்டு, "இல்ல ஐயா" என்றார்.

தமிழய்யா நோட்டிலிருந்து தலையைத் தூக்கினார். "என்னது?"

"முப்பத்தொண்ணு வரல ஐயா. மழை ஆரம்பிச்சதிலேருந்து என் பொண்ணு வீட்ல படுத்துக் கெடக்கா. ஒருநாள்கூட அவ இங்க வரல."

வகுப்பு சிரித்தது. "என்ன மாமா, இதோ பக்கத்துலயே..." என்று ரெட்டைப்பின்னல் திரும்பினாள். நீட்டிய கை அப்படியே நின்றது. அந்த இடத்தையே பார்த்தாள். பிறகு கையை மெதுவாக இழுத்து மடிக்குள் வைத்துக்கொண்டாள். சிரிப்பு ஒவ்வொரு பெஞ்சாக அடங்கியது.

"ஆள் வரல, வருகை மட்டும் வந்திருக்கா?" தமிழய்யாவுக்கு முகம் சிவந்தது. "அப்ப அவளுக்குப் பதில் யாரு? பக்கத்துல உக்காந்திருக்கற நீதானே? எல்லார் மாதிரியும் பேசிக் காட்டுவியாமே? வா, முதல்வர்கிட்ட போலாம். நாளைலேருந்து நீ இந்தப் பக்கமே வர வேணாம்."

ரெட்டைப்பின்னலுக்குக் கண்ணீர்தான் வந்தது. அவள் அப்பா மூட்டை தூக்கிப் படிக்கவைக்கிறார் என்பது சாவிக்காரருக்குத் தெரியும். தவிர, அந்த இடத்தில் நின்றபோது இன்னொன்றும் அவருக்குத் தெரிந்தது. வந்த பதிலை இவர் மறுத்துவிட்டதால், கூப்பிட்ட எண் இப்போது பதில் இல்லாமல் நின்றது. கூரையில் மழைச் சத்தமே இல்லை. கூடம் காத்துக்கொண்டிருந்தது.

"அந்தப் பொண்ண விடுங்க ஐயா" என்றார். "அவளுக்குப் பதில் நான்தான்."

சொன்ன மாத்திரத்தில் மழைச் சத்தம் திரும்ப வந்தது. முதுகுக்குப் பின்னால், அந்த மழைக்காலத்திலேயே முதல் தடவையாக, கதவு தானாகத் திறந்து கொடுத்தது.

வீட்டுக்கு ஓடினார். குட்டி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். முந்தானை முடிச்சு கையிலேயே இருந்தது. மனைவி சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். "இப்பத்தாங்க, வாய்விட்டுத் தண்ணி கேட்டா. நல்லாவே கேட்டுச்சு."

குட்டிக்குப் போட்ட வருகையெல்லாம் அடிபட்டது. சாவிக்காரரைக் கூப்பிட்டு முதல்வர் வைதார். பெண் குரலில் பேசத் தெரிந்த பியூன் என்று பிள்ளைகள் கொஞ்ச நாள் கிண்டல் செய்தார்கள். அவர் எதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மழை விட்டது, குட்டி தேறினாள், அடுத்த வருஷம் தனக்குப் பின்னால் சேர்ந்தவர்களோடு அதே பெஞ்சில் உட்கார்ந்தாள். அவள் "உள்ளேன் ஐயா" என்பதைத் தாழ்வாரத்தில் நின்று கேட்டார். ஒரே குரல்தான். அன்று கேண்டீனில் எல்லோருக்கும் டீ சொன்னார்.

கதவு இப்போதெல்லாம் தொட்டாலே திறந்தது. சில நாள் அவர் போகும்போதே திறந்திருந்தது, தரையும் பெருக்கியிருந்தது. பல்வலியில் தாமதமாகப் போன அன்று, "விடியறதுக்குள்ள ஹால்ல துடைப்பமும் கையுமா நின்னியேப்பா, அவ்வளவு அக்கறை எதுக்கு" என்று முதல்வர் பாராட்டினார். சாவிக்கொத்தை வீட்டில் மறந்துவிட்டுப் போன நாளில்கூடப் படிக்கட்டுப் பையன்கள் எதையோ கேட்டுச் சீட்டை மறைத்தார்கள். அவர் பக்கம் பார்க்கவில்லை, ஹால் பக்கம் பார்த்தார்கள். கேண்டீன்காரர் மற்றவர்களுக்கு டீ வைத்துவிட்டு அவருக்கு வைக்காமல் போனார். ஞாபகப்படுத்தினால் தருவார். அப்புறம் ஞாபகப்படுத்தியும் தரவில்லை. வயசாகிறது, குரல் எடுபடவில்லை என்று சாவிக்காரர் சமாதானம் சொல்லிக்கொண்டார்.

மறுபடி மழை பிடித்த ஒரு மத்தியானம். சாவிக்காரர் முன்னறையில் உட்கார்ந்து தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். தானே போட்டுக்கொண்ட சோறு. வாட்ச்மேன் வாசலில் வந்து குடையை உதறினார். "தங்கச்சி, சாவிக்காரர் இருக்காரா?"

மனைவி மிஷினை நிறுத்தாமல் சொன்னாள்: "காலேஜ்ல இருக்காருண்ணே. சாயங்காலம்தான் வருவாரு."

"இங்கதானே இருக்கேன்" என்றார் சாவிக்காரர். வாட்ச்மேன் தலையாட்டிவிட்டுக் குடையை விரித்துக்கொண்டு போனார். மிஷின் ஓடிக்கொண்டே இருந்தது. அவர் தட்டிலிருந்து கையை எடுத்தார்.

குட்டி வகுப்பு முடிந்து வீட்டுக்கு வந்திருந்தாள். பின்னறையிலிருந்து எட்டிப் பார்த்தவள் முதலில் அம்மாவைப் பார்த்தாள், அப்புறம் அப்பாவை நேராகப் பார்த்தாள். அவள் முகம் வெளுத்தது. போன மழையில் யாருக்கும் கேட்காமல் கூப்பிட்டுக்கொண்டு கிடந்தவள் அவள். வேகமாக வந்து பக்கத்தில் உட்கார்ந்து, சோறு ஒட்டியிருந்த அவர் மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்தாள்.

"அப்பா."

அவர் வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. பின்பக்கம், மழைக்கு அப்பால், ஹாலில் சாவிக்கொத்து குலுங்கியது. அவருடைய கொத்து அவர் இடுப்பில்தான் இருந்தது.

"அப்பா."

யாரோ கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது. "நகருப்பா" என்று ஒரு குரல் கதவிடம் சொன்னது. அது யார் குரல் என்று குட்டிக்கும் தெரிந்தது. பிடியை இறுக்கி, அவர் கண்ணை விட்டுக் கண்ணை எடுக்காமல், அடித்தொண்டையிலிருந்து கூப்பிட்டாள்.

"அப்பா."

"உள்ளேன்மா."

மிஷின் நின்றது. மனைவி திரும்பிப் பார்த்து, "நீங்க எப்பங்க வந்தீங்க?" என்றாள். குரல் தன்னிடமிருந்துதான் வந்ததா என்று சாவிக்காரர் இன்னொரு கையால் தொண்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். மகள் பிடித்த கையை விடவில்லை.